கணினிக்குப் புரிந்த உயிரியல், நமக்குப் புரிய வேண்டாமா?



முதலிலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தக் கட்டுரையில் எஸ்.பி.எம்.எல். என்றொரு பெயர் திரும்பத் திரும்ப வரும். வேகமாகப் படித்தால் நம்ம எஸ்.பி.எம். தேர்வு என்றே கண்ணுக்குத் தெரியும். ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எஸ்.பி.எம்.எல். என்பது உயிரியல் மாதிரிகளைக் கணினிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள உருவான ஒரு குறியீட்டு மொழி. தமிழில் சொன்னால் ‘அமைப்பு உயிரியல் குறியீட்டு மொழி’.

தமிழாசிரியர்கள் படிக்கிற இடத்தில் இது எதுக்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கணினி வாசிக்கும் கோப்பை மனிதர் வாசிக்கும் பக்கமாக மாற்றுவது என்பது, நாம் செய்யுள் வகுப்பில் செய்கிற வேலைதான். மூலம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பதவுரை வேண்டும், பொழிப்புரை வேண்டும், சில இடங்களில் விளக்கவுரையும் வேண்டும். அறிவியல் பிரிவு மாணவர்கள் பலர் சமன்பாட்டைச் சரியாகப் போட்டுவிட்டு, “இதனால் என்ன தெரிகிறது?” என்ற கேள்வியில் ஒரு வரி எழுதிவிட்டுப் புள்ளியை விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் குறைவது உயிரியல் அறிவு இல்லை, உரை எழுதும் பழக்கம்.

‘உயிரியல் மாதிரி’ என்றதும் அறிவியல் கண்காட்சிக்குக் களிமண்ணில் செய்யும் உயிரணுவை நினைக்காதீர்கள். இங்கே மாதிரி என்பது உயிரணுவுக்குள் நடப்பதை எண்ணாலும் சமன்பாட்டாலும் எழுதி வைப்பது. எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது, எது எதுவாக மாறுகிறது, எந்த வேகத்தில் மாறுகிறது என்ற மூன்றும் தெரிந்தால், கணினி அதை ஓட்டி, பத்து மணி நேரம் கழித்து என்ன இருக்கும் என்று சொல்லிவிடும்.

முன்பெல்லாம் இந்தச் சமன்பாடுகள் ஆய்விதழில் அச்சாகும். இன்னோர் ஆய்வாளர் அதைப் பார்த்துத் தன் நிரலில் கையால் தட்டச்சு செய்வார். ஒரு கழித்தல் குறி விட்டுப்போனால் போச்சு. ஒவ்வோர் ஆய்வுக்கூடத்திலும் வேறு வேறு மென்பொருள். ஒன்றின் கோப்பை இன்னொன்று திறக்காது. இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் கால்டெக்கில் எஸ்.பி.எம்.எல். வேலை தொடங்கியது. அதை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2003-இல் வந்தது. இன்று 200-க்கும் மேற்பட்ட மென்பொருள்கள் இந்த மொழியைப் புரிந்துகொள்கின்றன. 2005-இல் இங்கிலாந்தில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் ‘பயோமாடல்ஸ்’ என்ற களஞ்சியத்தைத் திறந்தது. வெளியான மாதிரிகளை யாரும் அங்கிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஆக, கணினிப் பக்கம் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. மனிதப் பக்கம் புதுப் பிரச்சினை ஒன்று முளைத்தது. இறக்கிய கோப்பைத் திறந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது.

ஒரு கோப்பைத் திறந்து பார்ப்போம்

பொதுவாகப் பேசினால் புரியாது. அந்தக் களஞ்சியத்தில் 12-ஆம் எண்ணில் இருக்கும் மாதிரியை எடுத்துக்கொள்வோம். பெயர் ‘ரெப்ரெசிலேட்டர்’. மைக்கல் எலோவிட்ஸ், ஸ்டானிஸ்லாஸ் லெய்ப்ளர் இருவரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் செய்து 2000-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் மூன்று மரபணுக்களை வட்டமாகப் பூட்டினார்கள். முதல் மரபணு உண்டாக்கும் புரதம் இரண்டாவது மரபணுவை அடக்கும். இரண்டாவதன் புரதம் மூன்றாவதை அடக்கும். மூன்றாவதன் புரதம் மறுபடி முதலாவதை அடக்கும். நம்ம கல், தாள், கத்தரிக்கோல் விளையாட்டுப் போலத்தான். யாரும் நிரந்தரமாக ஜெயிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு புரதமும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊசலாடுகிறது. ஒரு சுற்றுக்குச் சில மணி நேரம் ஆகும். பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தையும் சேர்த்துவிட்டதால், பாக்டீரியா மினுங்கி மங்குவதை நுண்ணோக்கியில் பார்க்க முடிந்தது.

இந்த அழகான கதை கோப்புக்குள் எப்படி இருக்கிறது? எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று பெயர். பி-எக்ஸ், பி-ஒய், பி-இசட் என்று இன்னும் மூன்று. மொத்தம் ஆறு பொருள்கள், பன்னிரண்டு வினைகள். ஒவ்வொரு வினைக்கும் ஒரு வேக விதி.

அந்த வேக விதியைத் தாளில் எழுதினால் ஒரே வரிதான். கோப்பில் அது கிட்டத்தட்ட 30 வரி. ஏனென்றால் கணினிக்கு எந்த ஐயமும் வரக்கூடாது. “கூட்டு” என்று முதலில் சொல்லும், பிறகு எதை எதை என்று சொல்லும். அதற்குள் “வகு” என்று தொடங்கும், அதற்குள் “பெருக்கு”, அதற்குள் “அடுக்கு”. வினை முன்னால் வரும், எழுவாயும் செயப்படுபொருளும் பின்னால் வரும். வினைமுற்றைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு இது தலைகீழாகத்தான் தெரியும். உண்மையைச் சொன்னால் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் இதே திணறல்தான்.

இயந்திரம் எழுதும் பதவுரை

இதற்கு ஒரு தீர்வாக 2009-இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று ‘எஸ்.பி.எம்.எல்.-டு-லேடெக்’ என்ற கருவியை வெளியிட்டார்கள். கோப்பைக் கொடுத்தால் அச்சிட்டுப் படிக்கக்கூடிய அறிக்கை வரும். பொருள்கள் ஓர் அட்டவணை, மாறிலிகள் ஓர் அட்டவணை, ஒவ்வொரு வினையும் வேதியியல் புத்தகத்தில் இருப்பது போல அம்புக்குறியோடு, ஒவ்வொரு வேக விதியும் கணக்குப் புத்தகத்தில் இருப்பது போல ஒழுங்காக. அந்த 30 வரி மறுபடி ஒரு வரியாகிவிடும்.

அதே 2009-இல் படமாகக் காட்டுவதற்கும் ஒரு பொது விதி வந்தது. எஸ்.பி.ஜி.என். என்பார்கள். மின்சுற்றுப் படத்தில் மின்தடைக்கு ஒரே அடையாளம் வைத்திருக்கிறோம் இல்லையா, அதுபோல இங்கே புரதம் என்றால் முனை மழுங்கிய செவ்வகம், சிறு மூலக்கூறு என்றால் வட்டம், தடுப்பது என்றால் நுனியில் குறுக்குக்கோடு. ஆளுக்கு ஓர் அம்பு போட்டு “இது தூண்டுதா, தடுக்குதா?” என்று தலையைச் சொறியும் வேலை குறைந்தது.

மூன்றாவதாக அரும்பத அகராதி. கோப்பில் ‘பி-எக்ஸ்’ என்றிருந்தால் அது எந்தப் புரதம்? 2005-இல் மிரியம் என்ற பெயரில் சில விதிகளை வகுத்தார்கள். மாதிரி எந்த ஆய்வுக் கட்டுரையைச் சேர்ந்தது, யார் எழுதியது, ஒவ்வொரு பொருளும் உண்மையில் எது என்று குறிப்பு சேர்க்க வேண்டும் என்பது விதி. அப்படிச் சேர்த்த குறிப்பின் வழியே போனால், பி-எக்ஸ் என்பது யூனிப்ராட் புரதக் களஞ்சியத்தில் பி 03023 என்ற எண்ணில் இருக்கும் லாக்-ஐ என்று தெரியும். பாக்டீரியா லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் புரதம் அது. பி-ஒய் என்பது டெட்-ஆர். டெட்ராசைக்ளின் மருந்தை எதிர்க்கும் மரபணுவோடு தொடர்புடையது. பி-இசட் என்பது சி-ஐ. லாம்டா என்ற வைரஸிலிருந்து எடுத்தது. (லாக்-ஐ, சி-ஐ இரண்டிலும் கடைசியில் வரும் ‘ஐ’ வேற்றுமை உருபு அல்ல, பெயரின் பகுதி. மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.)

அட்டவணை, படம், அகராதி மூன்றும் கிடைத்துவிட்டன. வேலை முடிந்ததா? என் கருத்தில், பதவுரைதான் முடிந்தது. பதம் பதமாகப் பொருள் தெரிந்தும் செய்யுள் என்ன சொல்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் மாணவரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

பொழிப்புரை: ஒரு சமன்பாட்டை வாக்கியமாக்குதல்

இதை நிதானமாகச் செய்து பார்ப்போம். மாணவர்களே, கணிப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. எவ்வளவு வேகத்தில் உண்டாகிறது என்பதற்கான விதி இது:

வேகம் = 0.03 + 29.97 × 40² ÷ (40² + சி²)

‘சி’ என்பது உயிரணுவில் இருக்கும் சி-ஐ புரதத்தின் எண்ணிக்கை. வேகம் நிமிடக் கணக்கில். அறிக்கை இத்துடன் நின்றுவிடும். இப்போது நாம் மூன்று எண்களைப் போட்டுப் பார்க்கலாம்.

சி-ஐ புரதமே இல்லை, அதாவது சி = 0. பின்னம் 1 ஆகிவிடும். வேகம் 30. நிமிடத்துக்கு 30 ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள்.

சி = 40. மேலே 1600, கீழே 3200. பின்னம் பாதி. வேகம் ஏறக்குறைய 15.

சி = 400. மேலே 1600, கீழே 1,61,600. பின்னம் நூற்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. வேகம் ஏறக்குறைய 0.33. அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒரே ஒரு மூலக்கூறு.

இப்போது எழுதுங்கள்: “சி-ஐ புரதம் இல்லாதபோது முதல் மரபணு முழு வேகத்தில் இயங்குகிறது. அந்தப் புரதம் 40 ஆகும்போது வேகம் பாதியாகிறது. அது 400 ஆகும்போது வேகம் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காகிறது. ஆனால் முற்றிலும் நிற்பதில்லை.” இதுதான் பொழிப்புரை. அந்தக் கடைசித் துண்டைக் கவனியுங்கள். சமன்பாட்டின் தொடக்கத்தில் சும்மா நிற்பது போலத் தெரியும் 0.03-க்கு அங்கேதான் பொருள் கிடைக்கிறது. எவ்வளவு அடக்கினாலும் கசியும் கொஞ்சம் அது. 40 என்ற எண்ணும் வெறும் மாறிலி இல்லை. பாதி வேகத்துக்கு இறக்கும் அளவு. அடுக்கில் இருக்கும் 2 என்பது அடக்குதல் எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதைக் காட்டுகிறது. அடுக்கு 1 ஆக இருந்திருந்தால் 400 புரதம் இருந்தும் வேகம் ஏறக்குறைய 2.75-க்குத்தான் இறங்கியிருக்கும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

தேர்வில் “சி-ஐ கூடினால் வேகம் குறையும்” என்று மட்டும் எழுதுகிறவருக்கும் மேலே உள்ளதை எழுதுகிறவருக்கும் வித்தியாசம் தெரிகிறதா? முதலாவது தப்பில்லை. ஆனால் அதைச் சொல்ல அந்தச் சமன்பாடே தேவையில்லை.

அலகையும் விடாமல் எழுதுங்கள். மூல ஆய்வுக் கட்டுரையில் முழு வேகம் நொடிக்கு 0.5 என்று இருக்கிறது. கோப்பில் காலம் நிமிடத்தில் ஓடுவதால் அது 30 ஆகியிருக்கிறது. ஆர்.என்.ஏ.வின் அரை ஆயுள் 2, புரதத்தின் அரை ஆயுள் 10, இரண்டும் நிமிடம். யாராவது 0.5-ஐ அப்படியே நிமிடக் கோப்பில் போட்டுவிட்டால் கணினி குறை சொல்லாது. அமைதியாக ஓட்டி, தப்பான விடையை அழகான வரைபடமாகத் தரும்.

புலி கொன்ற யானை

தமிழில் உரை எழுதும்போது நமக்கென்று தனியாக ஒரு கண்ணி இருக்கிறது. “லாக்-ஐ அடக்கும் டெட்-ஆர்” என்று ஒரு மாணவர் எழுதுகிறார் என்று வையுங்கள். யார் யாரை அடக்குகிறார்? லாக்-ஐ தான் டெட்-ஆரை அடக்குகிறதா, டெட்-ஆர் தான் லாக்-ஐயை அடக்குகிறதா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். ‘புலி கொன்ற யானை’ என்று இலக்கண வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோமே, அதேதான். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பியம் இதைத் தடுமாறு தொழிற்பெயர் என்று பெயரிட்டே பேசுகிறது.

செய்யுளில் இந்த மயக்கம் சுவை. அறிவியலில் ஆபத்து. எவ்வளவு ஆபத்து என்று இந்த மாதிரியிலேயே பார்க்கலாம். லாக்-ஐ டெட்-ஆரை அடக்கும், டெட்-ஆர் சி-ஐயை அடக்கும், சி-ஐ லாக்-ஐயை அடக்கும், இது வட்டம். கடைசி ஒன்றை மட்டும் திருப்பி, லாக்-ஐ சி-ஐயை அடக்குவதாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? லாக்-ஐயை அடக்க யாருமே இல்லை. அது ஏறி ஓர் உயரத்தில் நின்றுவிடும். மற்ற இரண்டையும் அழுத்தி வைத்துவிடும். ஊசலாட்டம் அவ்வளவுதான். ஒரு வேற்றுமை உருபு போனதில் ஓர் உயிரியல் கடிகாரமே நின்றுவிட்டது. (வேடிக்கை என்னவென்றால், மூன்றையும் ஒரேயடியாகத் திருப்பினால் மறுபடி வட்டம்தான், ஊசல் ஆடும், வரிசைதான் மாறும்.)

இந்தத் தப்பைக் கணினி பிடிக்குமா? பிடிக்காது. திருப்பிய கோப்பும் இலக்கணப்படி சரியான கோப்புதான். வாசித்து “இது என்னய்யா, லாக்-ஐயை யாருமே தடுக்கலையே?” என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். அவர் கேட்க வேண்டுமானால் அவருக்குப் புரியும் வடிவில் அது இருக்க வேண்டும்.

இது கற்பனைப் பயம் இல்லை. பயோமாடல்ஸ் களஞ்சியத்தை நடத்துபவர்கள் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்விதழ்களில் வந்த 455 மாதிரிகளை எடுத்து, கட்டுரையில் கொடுத்த தகவலை மட்டும் வைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி, சொன்ன விடையைத் தரவில்லை. சிலவற்றில் மாறிலியின் மதிப்பு இல்லை, சிலவற்றில் தொடக்க அளவு இல்லை, சிலவற்றில் சமன்பாடே சரியில்லை. எழுதியவர்கள் எல்லாரும் ஆய்வாளர்கள், மதிப்பீடு செய்தவர்களும் ஆய்வாளர்கள்.

தொடக்க அளவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கோப்பின் அட்டவணையில் ஆறு பொருள்களில் ஐந்துக்குத் தொடக்க எண்ணிக்கை 0. ஒய் என்ற ஆர்.என்.ஏ.வுக்கு மட்டும் 20. ஏன் 20? அட்டவணை சொல்லாது. நினைத்துப் பாருங்கள்: மூன்று மரபணுவுக்கும் ஒரே மாறிலிகள், ஒரே விதி. மூன்றும் ஒரே அளவில் தொடங்கினால் மூன்றும் ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே அடங்கும். யாரும் யாரையும் முந்த முடியாது, ஊசலே தொடங்காது. ஊஞ்சலை முதலில் யாராவது தள்ளிவிட வேண்டும் இல்லையா, அந்தத் தள்ளுதான் அந்த 20. உண்மையான பாக்டீரியாவில் இந்தச் சமநிலை ஒருபோதும் இருக்காது, தானாகவே குலையும். கணினியில் நாம்தான் குலைக்க வேண்டும். இப்படி ஒரு வாக்கியத்தை எந்தக் கருவியின் அறிக்கையும் எழுதித் தராது. விளக்கவுரை என்பது இதுதான்.

வகுப்பில் செய்து பார்க்க

ஆசிரியர்களுக்கு ஒரு நடவடிக்கை. படிவம் 4, 5 மாணவர்களுக்கு இரண்டு பாடவேளை போதும். அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

வகுப்பை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். முதல் குழுவிடம் இந்தப் பன்னிரண்டு வினைகளைக் கொடுங்கள்: மூன்று ஆர்.என்.ஏ. உண்டாதல், மூன்று ஆர்.என்.ஏ. சிதைதல், மூன்று புரதம் உண்டாதல், மூன்று புரதம் சிதைதல். ஒவ்வொன்றும் எதைப் பொறுத்தது என்பதையும் கொடுங்கள். அவர்கள் சமன்பாடு, அம்பு எதுவும் போடாமல் தமிழ் வாக்கியங்களில் மட்டும் எழுத வேண்டும். இரண்டாவது குழு அந்த வாக்கியங்களை மட்டும் பார்த்துப் படம் வரைய வேண்டும். பிறகு படத்தையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அம்பு திரும்பியிருந்தால் பெரும்பாலும் ‘ஐ’ உருபு விட்டுப்போயிருக்கும். புரதமும் மரபணுவும் குழம்பியிருந்தால் “லாக்-ஐ” என்று மட்டும் எழுதி, “லாக்-ஐ புரதம்” என்று எழுதாமல் விட்டிருப்பார்கள். சிதைதல் முழுவதுமாகவே படத்தில் காணவில்லை என்றால், “அது சும்மா நடக்குறதுதானே சார்” என்று யாரோ விட்டிருப்பார். அந்த மாணவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: புரதம் சிதையவே சிதையாது என்றால், ஒருமுறை அடக்கிய மரபணு மறுபடி எப்போது எழும்? எலோவிட்ஸும் லெய்ப்ளரும் புரதங்களுக்கு ஒரு வால் ஒட்டி, உயிரணு அவற்றைச் சீக்கிரம் அழிக்கும்படி செய்தது இதற்காகத்தான்.

திருத்தும்போது வாக்கியம் அழகாக இருக்கிறதா என்று முதலில் பார்க்காதீர்கள். அதைப் படித்த குழு சரியான படத்தை வரைந்ததா என்று பாருங்கள். வரைந்திருந்தால் புள்ளி எழுதிய குழுவுக்கும் சேர்த்து.